பன்னீர்ச் செம்பின் வயிற்றில்

பிளேன்டீ ஆறிவிடும், குடி மகள். சீனி குறைவென்றால் சொல். ஊரடங்கு தொடங்குவதற்குள் உன்னைச் சம்மாந்துறை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், பயப்படாதே. பயப்படுகிற ஆள் நான்தான். அது கல்முனை முழுக்கத் தெரியும். இருட்டினால் கிணற்றடிக்குப் போக மாட்டேன், கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஸ்டூடியோ ஜெமீல் என்றால் பயந்தாங்கொள்ளி என்று கிண்டலடிக்காத ஆள் இந்தச் சந்தையில் இல்லை.

கலண்டரை மேசையில் விரித்து வை. கொழும்பில் நல்ல தாளில்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு மனிதர் தரையில் கண்மூடிக் கிடக்கிறார், இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிறது. தலைமாட்டில் ஒரு பித்தளைப் பன்னீர்ச் செம்பு. கீழே ‘உழைத்தவர் உறங்குகிறார்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியது நானில்லை. நான் படத்தை அனுப்பினேன், அவ்வளவுதான். நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் இது இந்த வருஷம் முழுக்கத் தொங்குகிறது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நீ கேட்டாய். முதலில் சட்டையைப் பார்த்திருக்கிறாய்; நிறம் மாறிய ஒற்றைப் பொத்தான், நீயே தைத்தது. பிறகு செம்பின் வயிற்றைப் பார்த்திருக்கிறாய். பித்தளை வேலை செய்கிறவரின் பிள்ளை வேறெங்கே பார்க்கும்? நான் படத்தை இடுப்போடு வெட்டினேன். செம்பின் வயிறு ஒரு கண்ணாடி என்பதை மறந்து போனேன். அந்த வளைவுக்குள் உன் வாப்பா முழு ஆளாகக் கிடக்கிறார், அவர் தொடைக்குக் குறுக்கே கூரையைத் தாங்கும் தீராந்தி மரம் கிடக்கிறது. விரல் நுனி அளவுதான். ஆனாலும் தெரிகிறது.

சூறாவளியில் சுவர் விழுந்து என் ஸ்டூடியோவில்தான் அவர் மௌத்தானார் என்பது உனக்கு முன்பே தெரியும். உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உன் உம்மாவிடம் நான் சொன்னது உண்மையா? வாப்பா உடனே போனாரா, இல்லையா? சொல்கிறேன். ஆனால் வேலையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பொறுமையாகக் கேள்.

பித்தளையைப் படம் பிடிப்பது லேசான காரியமில்லை. மனிதரென்றால் விளக்கைப் போட்டு, சிரி என்று சொல்லி எடுத்துவிடலாம். செம்புக்கு விளக்கைப் போட்டால் படத்தில் விளக்குத்தான் விழும். மேசை விழும், கமரா விழும், கமராவுக்குப் பின்னால் தலை பெருத்து, கால் சிறுத்து நானும் விழுவேன். பித்தளையில் வெட்டிய பூ ஒன்றும் தெரியாது. அதனால் நான் வேறு வழி கண்டுபிடித்தேன். பட்டப்பகலிலேயே ஜன்னலையும் கதவு இடுக்கையும் கறுப்புச் சீலையால் அடைத்து அறையை இருட்டாக்குவேன். கமராவை முக்காலியில் இறுக்கி, ஷட்டரைத் திறந்தபடியே விடுவேன். டோர்ச்சின் கண்ணாடியில் மெல்லிய தாளைச் சுற்றிக் கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவனைப் போல வெளிச்சத்தைச் செம்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுவேன். கழுத்துக்கு ஒரு தடவல், வயிற்றுக்கு ஒரு தடவல், பூ வெட்டிய இடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு தடவல். பிலிமைக் கழுவி எடுத்தால், வெளிச்சம் அந்தப் பித்தளைக்குள்ளேயே பிறந்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. அசையாமல் இருப்பது படத்தில் விழும். அசைந்துகொண்டே இருப்பது விழாது. நான் கமராவுக்கு முன்னாலேயே நடந்து திரிவேன், படத்தில் இருக்க மாட்டேன். இடைநடுவில் ஏதாவது கொஞ்சமாக அசைந்தால் அந்த இடம் மட்டும் புகை படிந்தது போலக் கலங்கும். முக்காலி ஆடினால் எல்லாமே கலங்கும். ஒரு கோடு மிஞ்சாது.

இருட்டில் மணிக்கூடு பார்க்க முடியாதல்லவா, அதனால் அல்ஹம்து சூராவை ஓதி நேரம் பிடிப்பேன். சின்னச் சாமானுக்கு மூன்று தரம், பெரிய சாமானுக்கு ஏழு தரம். அப்படிச் செய்யலாமா என்று மௌலவியிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். உண்மையைச் சொன்னால், அது என் பயத்துக்கும் உதவியது.

உன் வாப்பா முகம்மது தம்பி காக்கா எனக்கு அண்ணன் மாதிரி, நல்ல மனிதர். தான் செய்த வெற்றிலை வட்டா, எச்சில் துப்பும் படிக்கம் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். நான் எடுக்கும் படங்களைக் கொழும்புக் கடைக்காரர்களுக்குக் காட்டித்தான் அவருக்கு வேலை வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, “என்ட கைவேலயா இது, ஜெமீல்?” என்று கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னொரு படம் எடுப்பேன்.

அந்தச் செம்பு உன் கலியாணத்துக்காகச் செய்தது. ஒடுங்கிய கழுத்து, தாமரை மொட்டுத் தலை, வயிற்றைச் சுற்றி இலையும் பூவுமாய் ஒரு கொடி. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது பன்னீர் தெளிக்க. உன் கையில் தருவதற்கு முன்பு ஒரு படம் எடுத்துத் தா என்று என்னிடம் கொண்டுவந்தார். எடுத்தேன். சரிவரவில்லை. மறுபடியும் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் செம்பின் வயிற்றில் ஒரு கறை, யாரோ குனிந்து நிற்கிற மாதிரி. முதலில் பயந்தே போனேன். பிறகுதான் விளங்கியது, அது நானே. அந்தக் கொடியைப் பார்த்து என்னை அறியாமல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன், நின்றதால் விழுந்துவிடுகிறேன். இன்றைக்கு, நாளைக்கு என்று அவரிடம் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி வந்ததே, அன்று பின்னேரம் வந்தார். சைக்கிளில்லை, பஸ்ஸில். மழை தூறிக்கொண்டிருந்தது.

“ஜெமீல், செம்பத் தா. பிள்ளைட கலியாணம் கிட்ட வந்திட்டு. ஊட்ட கேட்டுக் கேட்டு என்னத் தின்றாங்க.”

“ஒரு படம் காக்கா. ஒரேயொரு படம். மறுகா கொண்டு போங்க.”

“காத்து ஒரு மாதிரிக் கிடக்குடா தம்பி.”

“கடக்கரையில வேற என்ன காத்து அடிக்கும்? அடுத்த பஸ்ஸில போகலாம், இரிங்க.”

புயல் வருகிறது என்று பகலே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டிருக்கவில்லை, நான் கேட்டிருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் செம்பை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பியிருப்பார். நான் தனியாகவும் இருந்திருப்பேன். பயந்த மனிதன் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளப் பார்ப்பது பெரிய குற்றமா என்று நீயே யோசித்துப் பார்.

அடுத்த பஸ் வரவில்லை. அன்று மஃரிப் பாங்கு எங்களுக்குக் கேட்கவும் இல்லை. வானம் கறுத்து இறங்கியது. காற்று முதலில் விசிலடித்தது, பிறகு உறுமத் தொடங்கியது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. தெருவில் தென்னை முறிகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. என் பல் கிட்டிப் போனது. உன் வாப்பா முன்கதவில் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். “நீயும் வந்து பிடிடா” என்றார். நான் கமரா நனைந்துவிடும் என்று உள்ளறைக்குப் போனேன். உள்ளறைக்குப் பலகைத் தட்டு போட்டிருந்ததால் அங்கே மழை இறங்கவில்லை. கமராவை மூலையில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், முன்சுவர் விழுந்தது. கதவோடு சேர்த்து அவரை உள்ளறை வாசலுக்குத் தள்ளி, மேலிருந்த தீராந்தியும் இறங்கியது. மல்லாந்து விழுந்தார். மரம் இரண்டு தொடைக்கும் குறுக்கே.

உன் உம்மாவிடம், உடனே போய்விட்டார், நோவு தெரிந்திருக்காது என்று சொன்னேன். அது முழு உண்மையில்லை. கொஞ்ச நேரம் இருந்தார்.

அழாதே மகள். கொஞ்ச நேரம்தான். பேசினார்.

“தம்பி, இந்த மரத்தக் கொஞ்சம் கிளப்பு. கால் இருக்கா இல்லயா எண்டு விளங்குதில்ல.”

நான் குனிந்து தூக்கிப் பார்த்தேன். முதிரை மரம், என் உடம்பைப் பார், என்னால் ஆகுமா? நெம்புவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அதை உன் உம்மாவிடம் மறக்காமல் சொல். பக்கத்து வீட்டுப் பாத்தும்மாவைக் கூப்பிடு, அவள் மகன்மார் இரண்டு பேரும் இருப்பாங்கள் என்றார். கூப்பிடவில்லை. காற்று அப்படி இரைகிறது, யாருக்குக் கேட்கப் போகிறது? பின்வாசலால் போய்ச் சொல்லியிருக்கலாம் என்பாய். வாசலுக்கு வெளியே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. இருட்டு இருந்தது.

இனி நான் சொல்லப் போவதை அமைதியாகக் கேட்க வேண்டும்.

ஸ்டூடியோ வைத்து இத்தனை வருஷம், ஒரு நல்ல முகம் எனக்கு வாய்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அசைவார்கள். கண்ணைச் சிமிட்டுவார்கள், வேர்வையைத் துடைப்பார்கள், கமராவைப் பார்த்ததும் வேறு யாரோ ஆகிவிடுவார்கள். மனிதரைப் படம் பிடிக்க எனக்கு வராது என்று ஊரே சொன்னது. அன்று டோர்ச்சை அடித்தபோது ஒரு முகம் எனக்காக நின்றது. நெற்றியில் சுண்ணாம்புத் தூள், கன்னத்தில் மழைத்துளி. தலைமாட்டில் ஒரு சின்ன வாங்குப் பலகையில் அந்தச் செம்பு, ஊரே இடிந்து விழும்போது விழாமல் அப்படியே நிற்கிறது. அறையில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. சீலை கட்டாமலே அப்படி ஓர் இருட்டு.

நான் பயந்துபோயிருந்தேன், அதை நீ நம்ப வேண்டும். டோர்ச்சை ஒரே இடத்தில் பிடித்தால் அவர் கண் என்னைப் பார்ப்பது தெரிந்தது. வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். ஒரு காது. ஒரு பொத்தான். செம்பின் கழுத்து. துண்டு துண்டாகப் பார்த்தால் எதுவும் அவ்வளவு பயமில்லை. பயந்தவனின் கை தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஆனால் அவர் போன பிறகுதான் ஷட்டரைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு நின்றது. மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. இன்னாலில்லாஹி சொன்னேன். ரேடியோவில் கேட்டதை மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். பாத்தும்மாவைக் கூப்பிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மௌத்தான மனிதரைப் படம் எடுத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு கிடக்கிற மனிதரை விட்டுவிட்டுப் படம் எடுக்க நான் மிருகமில்லை.

எடுத்ததை ஒழுங்காக எடுத்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புதுப் பிலிம் போட்டேன். டோர்ச்சுக்குப் புதுத் தாள் கட்டினேன். அந்தக் காற்றில் முக்காலி ஆடிவிட்டால் எல்லாம் பாழ். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அலவாங்கு கிடந்தது. அதை எடுத்து மூன்று காலுக்கும் குறுக்கே வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டி, மேலே உடைந்த செங்கல்லை ஏற்றினேன். பிறகு ஆட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை அசையவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அலவாங்கா என்று கேட்கிறாய்.

ஓம், அலவாங்கு. இரும்பு அலவாங்கு, ஆளுயரம். அதால் அந்த மரத்தை நெம்பியிருக்கலாம் என்று நீ நினைக்கிறாய். நெம்பியிருக்கலாம்தான். மரத்துக்குத் தேவைப்பட்டபோது அது என் கண்ணில் படவில்லை. முக்காலிக்குத் தேவைப்பட்டபோது பட்டது. பயம் அப்படித்தான் மகள், ஒன்றைக் காட்டும், ஒன்றை மறைக்கும்.

விடிந்து பார்த்தால் ஊரில் ஊர் இல்லை. கடற்கரைப் பக்கம் வீடுகள் தரைமட்டம். பாத்தும்மாவின் மகன்மார் வந்து மரத்தைத் தூக்கினார்கள். இரண்டு பேர் போதுமாக இருந்தது. சம்மாந்துறை றோட்டில் வெள்ளம் பாய்ந்ததால் மையித்தை உங்களிடம் கொண்டுவர முடியவில்லை, கல்முனையிலேயே அடக்கினோம். மௌத்து நேரத்தில் பக்கத்திலிருந்து ஓதினவன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். பாத்தும்மா சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தவள், காற்று இளைக்கும்போதெல்லாம் நான் அல்ஹம்து ஓதுவது கேட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். நான் மறுக்கவில்லை. ஓதியது உண்மைதானே. ஏழு தரம் ஓதினேன்.

வெள்ளம் வடிந்ததும் செம்பை நானே கொண்டுவந்து உன் உம்மாவிடம் கொடுத்தேன். உன் கலியாணத்தில் அதிலிருந்துதான் பன்னீர் தெளித்தார்கள். என் மேலும் தெளித்தார்கள். வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று நீ அன்று மணப்பெண் கோலத்தில் அழுதாய். எனக்கு அப்போதே சொல்ல வேண்டும் போல இருந்தது, உன் வாப்பாவின் முகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று. நல்ல முகம். அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் தூங்கவில்லை. விளக்கை அணைத்தால் அவர் கண் திறந்திருக்கிறது. எழும்பி நடப்பேன். அசைந்துகொண்டே இருக்கிறவன் எதிலும் விழ மாட்டான் அல்லவா. கடைசியில்தான் அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். ஒரு மனிதரின் கடைசி முகத்தை நாடே பார்ப்பது அவருக்கு மரியாதை என்று நினைத்தேன். நீயும் பார்த்துவிட்டாய். அந்தக் குறை தீர்ந்தது.

நீ இங்கே வருவதற்கு முன்னால் பாத்தும்மாவிடம் போயிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. அவள் இன்னொன்றும் சொன்னாள் என்கிறாய். ஓதுகிற சத்தத்துக்கு நடுவில், “அசையாதீங்க காக்கா, இன்னும் கொஞ்சம்தான்” என்று என் குரல் கேட்டதாம். அதற்கு ஒரு முனகல் கேட்டதாம்.

முனகல் காற்று. அன்று எல்லாமே முனகியது. நான் சொன்னது பழக்கதோஷம். ஸ்டூடியோவுக்கு வருகிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். செம்பிடமும் சொல்வேன், வட்டாவிடமும் சொல்வேன். மௌத்தானவரிடம் சொன்னதில் என்ன வந்துவிட்டது? அவர் போன பிறகுதான் நான் ஷட்டரைத் திறந்தேன். நூறு தரம் கேட்டாலும் அதுதான்.

விரலை எடு மகள், படத்தில் அடையாளம் விழும். நீ காட்டுகிற இடம் எனக்குத் தெரியும். முகம் தெளிவு, செம்பில் வெட்டிய பூ ஒவ்வொன்றும் தெளிவு, நெஞ்சில் மட்டும், நீ தைத்த பொத்தானைச் சுற்றி, கொஞ்சம் கலங்கியிருக்கிறது. சூறாவளியல்லவா. முக்காலி ஆடியிருக்கும்.